திரும்பி வந்த கதையும் ஒரு பென்சிலும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம். கதை அனுப்பினேன், திரும்பி வந்துவிட்டது. அல்லது திரும்பிக்கூட வரவில்லை. போன இதழில் சிறுகதைப் போட்டி பற்றிப் போகிறபோக்கில் நாலு வரி எழுதிவைத்தேன், அதுதான் கிளப்பிவிட்டது போலிருக்கிறது. சரி, மாமியார் கேள்விகளையும் வாடகை முன்பணக் கேள்விகளையும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு இம்முறை இதற்கே உட்கார்ந்துவிட்டேன்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னையில் ஒரு வார இதழில் 1984 முதல் 26 வருஷம் உதவி ஆசிரியராக இருந்தவள் நான். வருகிற கதைகளை முதலில் பிரித்துப் படிக்கிற மேஜை என்னுடையது. அந்த மேஜைக்கு வருவதற்கு முன்னால் எட்டுக் கதை திரும்பி வாங்கியவளும்கூட.

கேள்வி: அக்கா, எனக்கு 31 வயது. மின்வாரியத்தில் வேலை. ட்ரான்ஸ்ஃபார்மர் வெடிக்கிற இரவுகளில் ஃபோனை எடுக்கவே பயமாக இருக்கும், அப்படிப்பட்ட வேலை. அதற்கு நடுவில் மூன்று வருஷத்தில் 9 கதைகள் எழுதி அனுப்பினேன். ஏழுக்குப் பதிலே இல்லை. இரண்டுக்கு ‘பிரசுரிக்க இயலவில்லை’ என்று ஒரு வரி மின்னஞ்சல். என்ன குறை என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இனியும் எழுதத்தான் வேண்டுமா? கதைகளின் பட்டியலை இணைத்திருக்கிறேன்.
*– பெயர் வேண்டாம், மன்னார்குடி*

அந்த மேஜையைக் கொஞ்சம் காட்டுகிறேன் தம்பி, அப்புறம் நீங்களே முடிவு செய்யுங்கள்.

திங்கட்கிழமை தபால்தான் பெரிது. சணல் கட்டிய கட்டாக வரும். நீள உறை, அதற்குள் கதை, அதற்குள் தபால்தலை ஒட்டிச் சுயவிலாசம் எழுதிய இன்னொரு உறை. அந்த உள்ளுறையைப் பார்த்தாலே எனக்கு ஒரு மாதிரி இருக்கும். கதை தோற்றால் திரும்பி வர வேண்டிய டிக்கெட்டையும் எழுதியவரே எடுத்துக் கொடுத்திருக்கிறார் பாருங்கள். உள்ளங்கை அகலத்தில் அச்சடித்த சீட்டு ஒன்று எங்களிடம் இருந்தது. ‘தங்கள் படைப்பைப் பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம். இதனால் படைப்பு தரமற்றது என்று பொருளல்ல.’ இந்த இரண்டாவது வாக்கியம் பாதி நேரம் உண்மை, பாதி நேரம் பொய். தனக்கு வந்தது எந்தப் பாதி என்று வாங்கியவருக்குத் தெரியாது. சில சமயம் எனக்கே தெரியாது.

ஏனென்றால் கதை திரும்புவதற்கான காரணங்களில் நிறையக் காரணங்கள் கதைக்குள் இல்லை. ஒரு மாதம் தாத்தா செத்துப்போகிற கதை ஆறு வந்தது. அதில் ஐந்து நல்ல கதை. போட்டது ஒன்று. நாலு பக்கம் கதைக்கு என்று ஒதுக்கியிருப்போம், கடைசி நேரத்தில் விளம்பரம் வந்து ஒரு பக்கத்தைத் தின்றுவிடும். மூன்று பக்கத்தில் அடங்குகிற சுமார் கதை உள்ளே போகும், அடங்காத நல்ல கதை வெளியே நிற்கும். ஆசிரியருக்குப் பல்வலி வந்த வாரம் எதுவுமே தேறவில்லை.

காரணம் எழுதினால் என்ன என்கிறீர்கள். முதல் வருஷம் எழுதிப் பார்த்தேன். ‘கதாநாயகி ஏன் வீட்டை விட்டுப் போகிறாள் என்பது புரியவில்லை’ என்று ஒருவருக்கு ஒரே வரி எழுதினேன். புரியவைக்கிறேன் என்று ஆறு இன்லண்ட் லெட்டர் போட்டார். ஆறாவதில் என் படிப்பு, என் பரம்பரை எல்லாம் வந்துவிட்டது. ஆசிரியர் கூப்பிட்டுச் சொன்னார்: “அம்மா, நீங்க கதை படிக்க சம்பளம் வாங்கறீங்க, வழக்காட இல்ல.” அதோடு நிறுத்தினேன். இப்போது எல்லாம் மின்னஞ்சல் என்பதால் அனுப்புகிறவர்களும் பெருகிவிட்டார்கள், பதில் எழுத ஆளும் குறைந்துவிட்டது. மௌனத்தை ஏச்சாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது பெரும்பாலும் ஆள் பற்றாக்குறை.

ஆனால் எந்த இதழிலிருந்தாவது ‘வேறு ஒன்று அனுப்புங்கள்’ என்று வந்தால், அது உபசார வார்த்தை இல்லை. அதை எழுத ஒருவர் மெனக்கெட்டிருக்கிறார். அன்று இரவே பழைய கதை ஒன்றைத் தூசி தட்டி அனுப்பி அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் பட்டியலைப் பார்த்தேன். காதல் மூன்று, முதியோர் இல்லம் இரண்டு, விவசாயி தற்கொலை ஒன்று, பிரிந்த அண்ணன் தம்பி ஒன்று, அரசியல்வாதியைக் கிண்டல் செய்து இரண்டு. ராத்திரி அடிக்கிற அந்த ஃபோன் எங்கே? ஒன்பதில் ஒன்றில்கூட இல்லை. கடிதத்தில் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எடுத்தால் யார் பேசுவார்கள், திட்டு எப்படி இருக்கும், எடுக்காமல் விட்டால் மறுநாள் யார் முகத்தில் முழிக்க வேண்டும்? எனக்கு அது தெரியாது, தெரிந்துகொள்ள ஆசை. என் மேஜையில் 26 வருஷத்தில் முதியோர் இல்லக் கதை எத்தனை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. ட்ரான்ஸ்ஃபார்மர் கதை ஒன்றுகூட வரவில்லை.

எழுதத்தான் வேண்டுமா என்றால், யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் பத்தாவதை எழுதிவிட்டு இந்தக் கேள்வியை மறுபடி கேளுங்கள்.

கேள்வி: நான் எழுதுவதை எங்கள் வாட்ஸ்அப் இலக்கியக் குழுவில் போடுகிறேன். 42 பேர். எல்லோரும் கைதட்டுகிற பொம்மை போடுகிறார்கள். என் மனைவி ‘சூப்பர்’ என்கிறாள். இதழ்களோ திருப்பி அனுப்புகின்றன. யார் சொல்வது நிஜம்? உண்மையைச் சொல்கிற ஆளை எங்கே பிடிப்பது?
*– ஒரு வாசகர், ஓசூர்*

விருந்துக்கு வந்தவரிடம் “சாம்பார் எப்படி இருக்கு?” என்று கேட்டால் என்ன சொல்வார்? “பிரமாதம்” என்பார். அது சாம்பாரைப் பற்றிய பதில் இல்லை, உங்களைப் பற்றிய பதில். தட்டில் ஓரமாக ஒதுக்கிய முருங்கைக்காயைப் பாருங்கள், விஷயம் அங்கே இருக்கிறது.

எனக்குக் கிடைத்த முதல் நேர்மையான விமர்சனம் எழுத்தாளரிடமிருந்து வரவில்லை. 1981-ல் மதுரையில் ஒரு சின்ன அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, ரசீது புத்தகம், மாதம் ஒரு தடவை ஒரு சிற்றிதழ். அந்த இதழில் என் கதை ஒன்றைப் போடுவதாக இருந்தார்கள். ஈயத்தில் வார்த்த எழுத்துகளை ‘கேஸ்’ என்கிற அறைப்பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்குகிற காலம். அடுக்கிய பக்கங்களை, அதாவது ஒரு ‘ஃபாரத்தை’, அச்சடித்துப் பிரித்தால்தான் எழுத்துகள் மறுபடி கைக்கு வரும். கம்பாசிட்டர் அண்ணன் கூப்பிட்டார்.

“தங்கச்சி, உன் கதையில ‘திடீரென்று’ எத்தனை எடத்துல வருது தெரியுமா?”

தெரியாது என்றேன்.

“ஒம்பது. கேஸ்ல ‘டீ’ மொத்தமே அஞ்சோ ஆறோதான் கெடக்கு. ரெண்டாம் பக்கத்துலயே தீந்துபோச்சு. நாலை எடுத்துக் குடு, இல்லன்னா முதல் ஃபாரம் ஓட்டிட்டு வர்ற வரைக்கும் காத்துக் கெட.”

ரோஷத்தில் ஒன்பதையும் அடித்துவிட்டேன். எடுத்தபிறகு படித்துப் பார்த்தால் கதையில் ஒன்றும் குறையவில்லை. முன்பு ‘திடீரென்று கதவு திறந்தது’. இப்போது ‘கதவு திறந்தது’. இப்போதுதான் அது திடீரென்று திறந்தது. அந்த அண்ணனுக்கு என் கதை பிடித்ததா என்று கடைசிவரை எனக்குத் தெரியாது. அவர் கருத்து சொல்லவில்லை, தன் கை எங்கே நின்றது என்று சொன்னார். அவ்வளவுதான்.

அதனால் ஆளைத் தேடுவதற்கு முன் கேள்வியை மாற்றுங்கள். “எப்படி இருக்கு?” வேண்டாம். கதையைக் காகிதத்தில் எடுத்து, ஒரு பென்சிலும் கொடுத்து, “படிக்கும்போது எங்கேயாவது ஃபோனை எடுத்தால், தண்ணீர் குடிக்க எழுந்தால், அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள்” என்று சொல்லுங்கள். இதற்கு யாரும் பொய் சொல்ல மாட்டார்கள், இது மனஸ்தாபம் வருகிற கேள்வி இல்லை. இரண்டு நாள் கழித்து, “அந்தக் கதை என்னங்க, சும்மா சொல்லுங்க” என்று கேளுங்கள். அவர் சொல்லும்போது எந்தப் பாத்திரம் காணாமல் போகிறதோ அது கதையில் தேவையில்லாமல் இருந்திருக்கலாம். உங்கள் மனைவியிடமும் இப்படிக் கேட்டுப் பாருங்கள். ‘சூப்பர்’ என்பதைவிட நிறைய வைத்திருப்பார்.

என் நாத்தனார் இப்போதும் என் முதல் வாசகி. படிக்க மாட்டார், நான் படித்துக் காட்ட வேண்டும், அவர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருப்பார். நான் காகிதத்தைப் பார்ப்பதில்லை, அவர் கையைத்தான் பார்ப்பேன். கை ஓடிக்கொண்டே இருந்தால் அந்தப் பத்தி ஊர்க்கதை. கை நின்று கீரைக்காம்பு விரலிலேயே இருந்தால் அந்த இடம் பிழைத்தது. ஒரு தடவை கை நிற்காமலே போய், முறத்தில் காம்புகூட மிச்சமில்லை. அந்தக் கதையை எங்கேயும் அனுப்பவில்லை.

இன்னும் ஒன்று. படித்துச் சொல்கிறவர்கள் இடத்தைக் காட்டுவது சரியாக இருக்கும், சொல்கிற வைத்தியம் சரியாக இருக்கும் என்று இல்லை. நாத்தனார் ஒரு கதைக்கு “அந்த மருமகளை நல்லவளா மாத்திடு” என்றார். மாற்றினால் கதை செத்துவிடும். ஆனால் அவர் அப்படிச் சொன்ன இடத்தைப் பார்த்தேன். மருமகள் நகையை ஒளித்து வைக்கிறாள், ஏன் என்று நான் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. ஒரு வரி எழுதினேன். அப்புறம் நாத்தனாருக்கு மருமகளைப் பிடித்துவிட்டது, அவள் கெட்டவளாகவேதான் இருந்தாள்.

அவர்கள் பேசும்போது வாயைத் திறக்காதீர்கள். “அந்த இடத்துல நான் என்ன சொல்ல வந்தேன்னா...” என்று ஆரம்பித்தீர்களோ, போச்சு. இதழை வாங்கிப் படிக்கிற ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் நின்று இதைச் சொல்ல முடியுமா?

குழுவை விட்டு விலக வேண்டாம். கைதட்டு வாங்குவதும் மனுஷனுக்குத் தேவைதான். அதைக் கருத்து என்று வரவு வைக்காதீர்கள், அவ்வளவே.

கேள்வி: என் கதையை இத்துடன் இணைத்துள்ளேன். மூன்று இதழ்கள் திருப்பிவிட்டன. தயவு தாட்சண்யம் பார்க்காமல் சொல்லுங்கள், பத்திரிகையில் போட்டாலும் பரவாயில்லை.
*– கல்லூரி மாணவி, துறையூர்*

நீயே அனுமதி கொடுத்துவிட்டதால் எல்லோர் முன்னாலும் பிரிக்கிறேன், பாப்பா. கதை இப்படி ஆரம்பிக்கிறது:

‘கீழ்வானம் சிவந்தது. கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டி உலகைத் தட்டி எழுப்பினான். பறவைகள் இன்னிசை பாடின. அந்த இனிய காலைப் பொழுதில், வறுமையின் கோரப்பிடியில் சிக்கித் தவிக்கும் அந்த ஏழைத் தந்தை, தன் மகளின் கல்லூரிக் கட்டணத்தை எப்படிக் கட்டுவது என்ற ஆழ்ந்த கவலையில் மூழ்கியிருந்தார்.’

என் மேஜையில் இது வந்திருந்தால் ‘பொற்கரங்க’ளிலேயே சீட்டு வைத்திருப்பேன். கோரப்பிடி, ஆழ்ந்த கவலை, இன்னிசை எல்லாம் பள்ளிக் கட்டுரை நோட்டிலிருந்து கடன் வாங்கியவை. அந்த அப்பாவை நான் பார்க்கவே இல்லை. அவர் கறுப்பா சிவப்பா, என்ன தொழில், தெரியாது. கோரப்பிடிதான் தெரிகிறது.

ஆனால் மூன்றாம் பக்கம் நடுவில் இது இருக்கிறது:

‘அப்பா கடைக் கல்லாவிலிருந்து கொண்டுவந்த பத்து ரூபாய் நாணயங்களைப் பத்துப் பத்தாக அடுக்கினார். எங்கள் ஊரில் யாரும் அதை வாங்க மாட்டார்கள் என்பதால் மூட்டையாகச் சேர்ந்துவிட்டது. கவுண்டரில் இருப்பவரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது.’

இந்த இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பத்து ரூபாய் நாணயம் செல்லும் என்று ரிசர்வ் வங்கி எத்தனை தடவை சொல்லியும் நம் ஊர்க் கடைகளில் முகம் சுளிப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் செல்லுகிற பணத்தையே மூட்டையாக வைத்துக்கொண்டு ஒரு அப்பா மகளுக்கு ஃபீஸ் கட்டப் பயப்படுவதை நான் எங்கேயும் படித்ததில்லை.

கவனித்தாயா, முதல் இரண்டு பக்கம் ‘அந்த ஏழைத் தந்தை’, ‘மகள்’ என்று யாரோ எங்கேயோ நின்று சொல்கிறார்கள். மூன்றாம் பக்கத்தில் உன்னை அறியாமல் ‘அப்பா’ வந்துவிட்டார், ‘எனக்கு வயிற்றைக் கலக்கியது’ வந்துவிட்டது. இலக்கணப்படி பார்த்தால் அது பிழை. அந்தப் பிழைதான் கதை. ‘அப்பா கடைக் கல்லாவிலிருந்து’ என்று முதல் வரியை வை. முன்னால் இருக்கிற இரண்டு பக்கத்தையும் எடுத்துவிடு. வறுமை என்ற சொல்லே வேண்டாம், மூட்டை இருக்கிறது.

முடிவில் ஒரு பணக்காரர் காரில் வந்து இறங்கி மொத்த ஃபீஸையும் கட்டிவிட்டுப் போகிறார். அவரை நீ பார்த்திருக்கிறாயா? நானும் பார்த்ததில்லை. கவுண்டரில் என்ன நடந்தது என்பதை எழுது. எண்ணினார்களா, பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்ன சொன்னார்கள், அப்பா அப்போது எங்கே பார்த்துக்கொண்டிருந்தார்? உனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அது எழுதச் சிரமமான இடம். அதனால்தான் கார் வந்திருக்கிறது.

திருத்தி எழுதி எனக்கு அனுப்பாதே, திருப்பிவிட்ட மூன்றில் ஒன்றுக்கே புதிய தலைப்போடு அனுப்பு.

கேள்வி: உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர்களையும் ஆரம்பத்தில் நிராகரித்தார்களாமே? அப்படியென்றால் என்னை நிராகரிப்பதும் பத்திரிகைகளின் அறியாமைதானே?
*– ஒரு வாசகர், நாகர்கோவில்*

ஆசையாகத்தான் இருக்கிறது, இல்லையா? அந்தக் கதைகளில் எனக்குப் பிடித்தது வில்லியம் கோல்டிங் கதை. இங்கிலாந்தில் சாலிஸ்பரியில் பள்ளி ஆசிரியர். தீவில் மாட்டிக்கொண்ட பள்ளிப் பையன்களைப் பற்றி எழுதிய நாவல் பல பதிப்பகங்களைச் சுற்றி ஓரம் மடங்கி, மஞ்சளடித்து 1953-ல் ஃபேபர் நிறுவனத்துக்கு வந்தது. அங்கே முதலில் படித்தவர் ‘குப்பை, சலிப்பு, அர்த்தமில்லை’ என்கிற பொருளில் குறிப்பு எழுதித் திருப்பச் சொன்னார். என் வேலையைப் பார்த்தவர்தான் அவரும், எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கும். சார்லஸ் மான்டீத் என்ற இளம் ஆசிரியர் அதை எடுத்துப் படித்து, போடலாம் என்று நின்றார். 1954-ல் ‘லார்ட் ஆஃப் தி ஃபிளைஸ்’ வந்தது. 1983-ல் கோல்டிங்குக்கு நோபல் பரிசு.

எல்லோரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். நடுவில் ஒன்று நடந்தது. நாவல் அணுகுண்டுப் போரோடு ஆரம்பித்தது, பையன்கள் தீவுக்கு வரவே பக்கங்கள் ஆயின. அதை எடுக்க வேண்டும் என்று மான்டீத் கேட்டார். கோல்டிங் எடுத்தார், வேறு இடங்களையும் திருத்தினார், கடைசியில் தலைப்பும் மாறியது. ‘குப்பை’ என்று எழுதியவர் முதல் பக்கங்களில் சலித்தது உண்மைதான். உள்ளே இருந்ததைப் பார்க்கவில்லை என்பதுதான் அவர் தவறு. துறையூர்ப் பெண்ணின் பொற்கரங்களில் நானும் அந்தத் தவறைச் செய்திருப்பேன்.

நீங்கள் இரண்டு பாதியையும் சேர்த்து எடுத்துக்கொள்வதாக இருந்தால் கோல்டிங்கைத் துணைக்கு அழையுங்கள்.

கேள்வி: ஒரே கதையை ஒரே நேரத்தில் நாலு இதழுக்கு அனுப்பலாமா? கருத்து கேட்கப் பிறரிடம் கொடுத்தால் திருடிவிட மாட்டார்களா?
*– ஒரு வாசகி, புதுச்சேரி*

நாலு இதழுக்கு அனுப்பினால் நடப்பது பெரும்பாலும் நாலிலும் வராமல் போவதுதான். ஆனால் ஒரு தடவை ஒரே வாரத்தில் எங்களிடமும் இன்னொரு இதழிலும் ஒரே கதை வந்துவிட்டது. எழுதியவர் இரண்டு ஆசிரியர்களிடமும் போய் நின்ற காட்சியை நான் விவரிக்க விரும்பவில்லை. மூன்று மாதம் பாருங்கள். பதில் இல்லை என்றால் ‘திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்’ என்று ஒரு வரி போட்டுவிட்டு அடுத்த இடத்துக்கு அனுப்புங்கள்.

திருட்டு பற்றி: 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி எழுதி முடித்த கணமே உரிமை உங்களுடையது, பதிவு செய்வது கட்டாயம் இல்லை. ஆனால் நீங்கள் எழுதிய எழுத்துக்குத்தான் அந்தக் காவல், மனசில் இருக்கிற கருவுக்கு இல்லை. தேதியோடு மின்னஞ்சலில் அனுப்பினால் தடயம் இருக்கும். யார் திருடப்போகிறார்கள்? என் அனுபவத்தில் படிக்க வைப்பதே பெரும் பாடு.

கேள்வி: செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கதையைக் கொடுத்தேன். ‘மனதை உலுக்கும் படைப்பு’ என்றது. நம்பலாமா?
*– ஒரு வாசகர், திருப்பூர்*

அடுத்த நாள் அதே கதையைக் கொடுத்து, “இது மோசமான கதை, ஏன் என்று சொல்” என்று கேளுங்கள். மரியாதையாகப் பத்துக் காரணம் தரும். ஒற்றுப்பிழை பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீரை உருவத் தெரியாது.

கேள்வி: 14 கதைகள் சேர்ந்துவிட்டன, எதுவும் இதழ்களில் வரவில்லை. ஒரு பதிப்பகம் படித்துவிட்டு ‘அருமை’ என்றது. 60,000 ரூபாய் கட்டினால் எடிட்டிங், ஐ.எஸ்.பி.என். எண், அட்டை, வெளியீட்டு விழா எல்லாம் சேர்த்து 300 பிரதி போட்டுத் தருவார்களாம். கட்டலாமா?
*– பெயர் வேண்டாம், சேலம்*

சொந்தக் காசில் புத்தகம் போடுவது கௌரவக் குறைச்சல் இல்லை. எழுத்தாளர் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ பத்திரிகையையும் எழுத்து பிரசுரத்தையும் தானே நடத்தி, புத்தகங்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி விற்றவர். ‘சுதந்திர தாகம்’ நாவலைத் தன் முதுமையில் 1997-ல் தானே வெளியிட்டார். 2001-ல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது அறிவித்தபோது அவர் உயிரோடு இல்லை. ஆனால் அவர் யாருக்கும் பணம் கட்டி ‘அருமை’ வாங்கவில்லை.

உங்கள் விஷயத்தில் கணக்குப் பாருங்கள். ஐ.எஸ்.பி.என். என்பது ஒவ்வொரு புத்தகத்துக்கும் தருகிற அடையாள எண். இந்தியாவில் அது இலவசம், அரசே தருகிறது. அதற்கென்று தனியாக ஒரு தொகை பட்டியலில் இருந்தால் அங்கேயே விழித்துக்கொள்ளுங்கள். எடிட்டிங் என்கிறார்களே, யார் செய்வார், இரண்டு பக்கம் செய்து காட்டச் சொல்லுங்கள். ஒற்றுப்பிழை மட்டும் திருத்தி வந்தால் அது புரூஃப் பார்ப்பது, எடிட்டிங் இல்லை. 300-ல் எத்தனை உங்கள் வீட்டுக்கு வரும், எத்தனை கடைக்குப் போகும், உரிமை யாரிடம் இருக்கும் என்பதை எழுதி வாங்குங்கள். பதில் திருப்தியாக இருந்தால், பணமும் இருந்தால், போடுங்கள்.

ஆனால் அந்த ‘அருமை’யை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள். கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிப்பார்கள் பாருங்கள், உள்ளே போகிற எல்லோருக்கும்தான் தெளிப்பார்கள்.

கேள்வி: சகோதரி, எனக்கு 67 வயது. ஓய்வு பெற்ற தமிழாசிரியை. எங்கள் ஊர் மாதாந்திர இலக்கியக் கூட்டத்தில் முதல்முறையாக என் கதையை வாசித்தேன். மூத்தவர் ஒருவர் எல்லோர் முன்னாலும் “இதெல்லாம் கதையே இல்லைம்மா” என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். நாலு மாதமாகப் பேனாவை எடுக்க முடியவில்லை. நேர்மையான விமர்சனம் வேண்டும் என்று கேட்டது நான்தான். இப்போது யாரைக் குறை சொல்ல?
*– ஓர் ஆசிரியை, கோவில்பட்டி*

டீச்சர், இதே வார்த்தையை நானும் ஒருவருக்கு எழுதியிருக்கிறேன்.

1991 என்று நினைவு. ரயில்வே கேட் கீப்பராக இருந்த ஒருவர் நீல மையில், முத்து முத்தான கையெழுத்தில், 11 பக்கக் கதை அனுப்பியிருந்தார். ஆசிரியர் பார்வைக்காகக் கடைசிப் பக்கத்துப் பின்னால் சிவப்பு மையில் குறிப்பு எழுதுவது எங்கள் வழக்கம். திருப்பும்போது அதற்கு மேல் வெள்ளைத் தாள் ஒட்டிவிட வேண்டும். அன்றைக்கு அவசரம், ஒட்டாமலே உறைக்குள் போட்டுவிட்டேன். நான் எழுதியிருந்தது: ‘இது கதையே இல்லை. வெறும் சம்பவம்.’

பத்து நாள் கழித்து ஒரு தபால் அட்டை வந்தது. ‘தெரியப்படுத்தியதற்கு நன்றி.’ அவ்வளவுதான். அதன்பிறகு அந்தக் கையெழுத்தை நான் பார்க்கவே இல்லை. திங்கட்கிழமைக் கட்டில் நீல மை கண்ணில் பட்டால் ரொம்ப நாள் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன்.

நான் எழுதியது நேர்மைதான். அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்ய முடியும்? எந்தப் பக்கம், எந்த வரி? ஒன்றும் இல்லை. கம்பாசிட்டர் அண்ணன் ‘டீ’ இல்லை என்றார், நான் போய் எடுத்தேன். ‘கதையே இல்லை’ என்பதில் எடுக்கவும் ஒன்றுமில்லை, சேர்க்கவும் ஒன்றுமில்லை. ‘அருமை’யும் அதுவும் ஒரே ஜாதி. இரண்டையும் படிக்காமலே சொல்லலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கதையில் கேட் கீப்பரின் மனைவி கடிகாரம் பார்க்க மாட்டாள். கூட்ஸ் போனதும் உலை வைத்தால் பாசஞ்சர் வருவதற்குள் வடித்துவிடலாம் என்று ஒரு கணக்கு வைத்திருப்பாள். பாசஞ்சரை நிறுத்திவிட்ட மாதத்தில் அவள் இரண்டு தடவை சோற்றைக் குழையவிடுவாள். 11 பக்கத்தில் கதை அங்கே இருந்தது. எனக்கு அன்றே அது பிடித்தது. அதை எழுதவில்லை, குறையை மட்டும் எழுதினேன். அதுதான் என் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மூத்தவரை நான் குறை சொன்னால் என்னையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். முடிந்தால் அடுத்த கூட்டத்தில் அவரிடம் கதையை நீட்டி, “ஐயா, எந்தப் பக்கத்தில் உங்களுக்கு விட்டுப்போச்சு?” என்று கேளுங்கள். காட்டினால் அவர் நல்ல வாசகர், பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மழுப்பினால் அவர் கேட்கவே இல்லை என்று அர்த்தம். கூட்டத்துக்குப் போகவே மனசு வரவில்லை என்றால் போக வேண்டாம், 67 வயதில் அதற்கு யாரிடமும் லீவு லெட்டர் கொடுக்கத் தேவையில்லை.

கதையை எனக்கு அனுப்புங்கள். பதில் வர ஒரு மாதம் ஆகும், பென்சிலில்தான் எழுதுவேன். வரி விட்டு எழுதி, ஓரத்தில் கோடு போட்டு இடம் விட்டு அனுப்புங்கள் டீச்சர். அது உங்களுக்குச் சொல்லவா வேண்டும்?